வரவேற்பறைக்கு ஒரு மணி

அத்தியாயம் ஐந்து

மேசை இருந்தது. மேசைக்குப் பின்னால் நாற்காலி இருந்தது. நாற்காலியின் முதுகில் துண்டு தொங்கியது. துண்டுக்கு உரிய ஆளை மட்டும் காணவில்லை.

மாப்பிள்ளை முதலில் தொண்டையைச் செருமிப் பார்த்தார். மேசையைத் தட்டினார். கையைத் தட்டினார். எதற்கும் யாரும் வராததால், "வீட்ல யாருங்க?" என்று உரக்கக் குரல் கொடுத்தார்.

"நீர்த் தூய்மை ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து வீட்ல யாருன்னு கேக்கறீங்களே மாப்பிள்ளை" என்றார் மாமா.

"உள்ளே எல்லாரும் தூங்கறாங்க மாமா. அப்போ வீடுதானே?"

துப்பறியும் தொழிலில் மாமாவுக்கு நல்ல பெயர். உதவியாளர் விஷயத்தில்தான் விதி விளையாடிவிட்டது. மாப்பிள்ளை வேலை பார்த்த கம்பெனியை ஒரு நாள் இழுத்து மூடினார்கள். பெண்ணைக் கொடுத்த பாவத்துக்கு மாமா வேலையையும் கொடுக்க வேண்டியதாயிற்று. மற்ற துப்பறிவாளர்கள் உதவியாளரை "டேய்" என்று கூப்பிட்டு வேலை வாங்குவார்கள். மாமாவால் அது முடியுமா? சாக்கடைக்குள் இறங்கச் சொல்வதானாலும் "கொஞ்சம் இறங்குங்களேன்" என்றுதான் சொல்ல வேண்டும். மாப்பிள்ளையாலும் முடியாது என்று சொல்ல முடியாது. வாயை மட்டும் யாராலும் கட்ட முடியவில்லை.

காத்திருந்து கால் வலித்ததால் மாப்பிள்ளை பக்கத்தில் இருந்த கண்ணாடிக் குடுவையின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார். நெஞ்சு உயரக் குடுவை. உள்ளே தண்ணீர், தண்ணீர் நிறைய நீல நீல மணிகள், கீழிருந்து மேலே அடிக்கும் விளக்கு.

"என்ன மாமா, நகைக்கடைக்குள்ள வந்துட்டோமா?"

"சாயாதீங்க. உடைஞ்சா என் பொண்ணுக்கு நான் பதில் சொல்லணும்."

"கண்ணாடி போனதுக்கா, நான் போனதுக்கா?"

மாமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "விசாரணை நாலு மணிக்கு. இங்க நின்னு பிரயோஜனம் இல்ல. பின்பக்கம் போவோம். அந்தம்மா அங்கதான் நிக்கறேன்னாங்க."

அந்தம்மா என்றது அவர்களுடைய கட்சிக்காரரை. நிலையத்தில் அவளுக்கு இறால் மேடம் என்று பெயர். வைத்தவர்கள் கிண்டலாக வைத்தார்கள். அவள் கோபப்படாததால் அதுவே நிலைத்துவிட்டது. வேலை நீக்கம் செய்வதற்கு முன்னோட்டமாக அவளைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருந்தார்கள். அதற்கு முன்பும் அவள் முன்வாசலைப் பார்த்ததில்லை. இளநிலை ஆய்வாளர்கள் பின்வாசல் வழியாகத்தான் வர வேண்டும் என்பது விதி. முன்வாசல் பெரியவர்களுக்கு.

கம்பி வேலிக்கு வெளியே நின்றிருந்தாள். வேலிக்கு உள்ளே ஒரு சிமெண்டுத் தொட்டி. மேலே பலகை: "மேம்படுத்திய இயற்கைப் பாலிமர்களால் கன உலோக நீக்கம் – சோதனைத் தொட்டி". அதன் கீழே இன்னொரு பலகை: "இந்நீர் தூய்மையானது". முதல் பலகையை விட இரண்டாவது பலகை பெரிதாக இருந்தது.

"வேலிக்கு உள்ள காலெடுத்து வைக்கக்கூடாதுன்னு எனக்கு உத்தரவு" என்றாள். "என் தரப்பு ஆளுங்க போகலாம். நீங்கதான் என் தரப்பு."

"மறுபடி ஒரு தடவை சொல்லும்மா" என்றார் மாமா. "என் மாப்பிள்ளைக்கும் புரியற மாதிரி."

மாப்பிள்ளை வணக்கம் வைத்தார்.

"மீன் சந்தையில இறால் ஓட்டை மலை மாதிரி கொட்டி வைக்கறாங்க இல்லையா? அதுலேர்ந்து ஒரு பொருள் எடுக்கலாம். அதை உருட்டி மணி மணியா பண்ணி தண்ணியில போட்டா, தண்ணியில இருக்கற செம்பு, ஈயம் எல்லாம் அதுல வந்து ஒட்டிக்கும். ஆனா ஒரு தொல்லை. புளிப்பு பட்டா அது கரைஞ்சு போயிடும். முலாம் பட்டறைத் தண்ணியில புளிப்புக்கு என்ன பஞ்சம்? அதனால உள்ளுக்குள்ள ஒண்ணோட ஒண்ணைப் பின்னி, எதுல போட்டாலும் கரையாத மாதிரி மாத்தினேன். அந்தப் பின்னல்தான் என் இத்தனை வருஷ வேலை."

"ஸ்வெட்டர் மாதிரி" என்றார் மாப்பிள்ளை.

"ஸ்வெட்டர் மாதிரிதான். வயிறு நிறைஞ்சா வினிகர்ல கழுவினா போதும். பிடிச்சதைக் கக்கிட்டு மறுபடி வேலைக்கு வந்துடும். பட்டறைக் கழிவு கலந்த வாய்க்கால் தண்ணி இந்தத் தொட்டி வழியாத்தான் எங்க தெருத் தொட்டிக்கு ஏறுது. மாசக் கணக்கா சுத்தமா போச்சு. திடீர்னு ஒரு நாள் பரிசோதனையில உள்ளே எவ்வளவு செம்போ, வெளியேயும் அவ்வளவு செம்பு. மொத்தமும் மோசடி, முதல்லேர்ந்தே பொய்க் கணக்குன்னு சொல்லிட்டாங்க. இன்னைக்கு நாலு மணிக்கு என்னை அனுப்பிட்டு, தொட்டியை இடிக்க உத்தரவு போடப் போறாங்க."

"தொட்டி போனா?"

"பட்டறைத் தண்ணி நேரா எங்க வீட்டுக் குழாய்க்கு வரும்." அவள் குரல் இறங்கியது. "இப்பவே அதுதான் வருது. குடிக்காதீங்கன்னு வீடு வீடா சொல்லிட்டேன். உங்க ஆபீஸே சுத்தம்னு பலகை வெச்சிருக்கேங்கறாங்க. என் பொண்ணுக்கு மட்டும் வெளியிலேர்ந்து சுமந்துட்டு வர்றேன். அவ பள்ளிக்கூடத்துல குடிக்கறதும் இதே தண்ணி. அங்க நான் என்ன பண்ண முடியும் சொல்லுங்க."

மாப்பிள்ளைக்குக் கிண்டல் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டார். அவருக்கும் பள்ளிக்கூடம் போகிற பெண் இருக்கிறாள்.

"தெருவுல வேற ஏதாவது வித்தியாசம்?" என்று மாமா கேட்டார்.

"துணி. துவைச்சு காயப் போட்டா பலகை மாதிரி விறைச்சு நிக்குது. உப்புத் தண்ணின்னு நினைக்கறாங்க."

மாமா அந்தச் சேதியை வாங்கி மனதுக்குள் எங்கேயோ போட்டுக்கொண்டார். பிறகு மாப்பிள்ளைக்குப் பழக்கமான அந்தக் குரல் வந்தது.

"மாப்பிள்ளை, கொஞ்சம் தொட்டிக்குள்ள கையை விடுங்களேன்."

சட்டைக்கையை மடித்துக்கொள்ள அவகாசம் கேட்பதற்குள் மாமா பின்னாலிருந்து தோளை அன்பாக அழுத்திவிட்டார். முழங்கை வரை உள்ளே போனது. தண்ணீர் பால் கலந்தது போலக் கலங்கலாக இருந்தது. அடியில் கொழகொழவென்று எதுவோ அகப்பட்டது. ஒரு பிடி அள்ளி வெளியே எடுத்தார். வெள்ளை வெளேரென்று குட்டிக் குட்டி உருண்டைகள். பாதி உருண்டை, பாதி கூழ்.

வேலி வழியாக நீட்டியதை அவள் வாங்கி இரண்டு விரலால் அழுத்தினாள். நசுங்கியது. அவள் முகம் மாறிப்போனது.

"இது என் மணி இல்ல."

"நல்லா பாரும்மா."

"என் மணி ரப்பர் மாதிரி இருக்கும், நசுங்காது. செம்பு பட்டா நிறமும் மாறியிருக்கணும். இது என்னங்க இது? யாரோ மாத்திட்டாங்க! ஒரு அறிக்கை, ரெண்டு அறிக்கை, மூணு குழு... ஒருத்தர் கூடவா தொட்டிக்குள்ள கையை விட்டுப் பாக்கல?"

"அறிக்கை எழுதற கை ஈரமாகக் கூடாதும்மா" என்றார் மாமா. "மாப்பிள்ளை, அந்தக் கொட்டகையில முதலுதவிப் பெட்டி தொங்குது. அயோடின் இருந்தா எடுத்துட்டு வாங்க."

காயத்துக்குப் போடும் மருந்தை மாமா அந்தக் கூழின் மேல் ஒரு சொட்டு விட்டார். வெள்ளை உருண்டை கண்ணெதிரே கருநீலமாகிவிட்டது.

"மாவு. அயோடின் பட்டா மாவு இப்படித்தான் முழிக்கும். பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுத்தாங்க, நான்தான் அன்னைக்குத் தூங்கலையே. இது ஜவ்வரிசி."

மாப்பிள்ளை தன் கையைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். "ஒரு தெரு மொத்தத்துக்கும் வடிகட்டி ஜவ்வரிசியா? நல்லவேளை மாமா, சர்க்கரை போடல."

"ஜவ்வரிசி தண்ணியில எத்தனை நாள் தாங்கும்? ஒரு நாள், மிஞ்சினா ரெண்டு நாள். இங்க பாதி முழுசா இருக்கு. அப்படின்னா யாரோ தினமும் வந்து அள்ளிப் போடறாங்க. இந்த நிலையத்துல மூட்டை மூட்டையா ஜவ்வரிசி யார்கிட்ட இருக்கு?"

இறால் மேடம் யோசிக்கவே இல்லை. "மாவுப் பேராசிரியர்."

மாவுப் பேராசிரியர் அவளுடைய போட்டியாளர். இறால் ஓட்டை வைத்து அவள் செய்ததை மாவை வைத்துச் செய்வதாகச் சபதம் போட்டுப் பல வருடங்களாக அறையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். அவர் அறையில் கால் வைக்க இடம் இல்லை. உட்கார்ந்தால் பின்பக்கம் வெள்ளையாகிவிடும்.

"அந்த இறால் பொண்ணுக்காக வந்தீங்களா?" என்றார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து. "போச்சா அவ வேலை? ரொம்ப வருத்தம்." வருத்தப்படும் ஆள் இவ்வளவு தெளிவாகச் சிரித்து மாப்பிள்ளை பார்த்ததில்லை.

மாமா ஒரு காகிதத்தைப் பிரித்து அந்தக் கூழை மேசை மேல் வைத்தார். "இது தொட்டியில இருந்தது சார். உங்க ஜவ்வரிசி."

பேராசிரியர் விரலால் தொட்டார். முகர்ந்தார். அடுத்த நொடி எழுந்து நின்றுவிட்டார். கோபத்தில் மாவு பறந்தது.

"சாதா ஜவ்வரிசி! கடையில வாங்கி அப்படியே கொட்டினது! இதையா நான் போடுவேன்? உலோகத்தைப் பிடிக்கறதுக்கு மாவுல நான் பதினெட்டு விதமா மாற்றம் பண்ணி வெச்சிருக்கேன்யா! அவ தொட்டியைக் கெடுக்கணும்னு நினைச்சாலும், மாற்றம் பண்ணாத மாவை நான் தண்ணியில போடுவேனா? எனக்குன்னு ஒரு மரியாதை இல்ல?"

"கெடுக்கணும்னு நினைச்சதுண்டா?" என்றார் மாப்பிள்ளை.

"தினமும் நினைப்பேன். நினைக்கறது குத்தமா?"

மாமா தலையாட்டினார். இப்படி ஒத்துக்கொள்ளும் ஆள் பொய் சொல்வதில்லை என்பது அவர் கணக்கு. "அப்போ உங்க மூட்டை அங்க எப்படிப் போச்சு?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். ஒண்ணு மாத்தி ஒண்ணு காணாம போகுது. நிர்வாக அலுவலர்கிட்ட புகார் சொன்னேன். எலியா இருக்கும்னார்."

"எலி தின்னா சாக்காவது மிஞ்சுமே சார்."

"சாக்கும் இல்ல! அதைச் சொன்னேன். பெரிய எலியா இருக்கும்னார்."

மாப்பிள்ளை சிரிப்பை அடக்கக் கையைத் தூக்கி வாயை மூடினார். மூட முடியவில்லை. முழங்கை மடங்க மறுத்தது. தொட்டியில் நனைந்த சட்டைக்கை காய்ந்து அப்பளம் மாதிரி மொடமொடவென்று நின்றது. மடக்கினால் சத்தம் வந்தது.

"பாருங்க மாமா, கஞ்சி போட்டுத் தேய்ச்ச மாதிரி. உங்க பொண்ணு என்னைக்காவது எனக்கு இப்படி ஒரு சட்டை..." என்று ஆரம்பித்து, யாரிடம் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது உறைத்ததும், "வெள்ளையா துவைச்சுத் தருவா. தங்கம்" என்று முடித்தார்.

மாமா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். "தெருவுல துணி விறைச்சு நிக்குதுன்னு அந்தம்மா சொன்னாங்களே" என்றார் மெதுவாக. "மாப்பிள்ளை, சமயத்துல நீங்க ரொம்ப உபயோகமா இருக்கீங்க."

"சமயத்துலயா?"

அப்போது கதவருகே ஒருவர் வந்து நின்றார். ஒல்லியான மனிதர், குனிந்த முதுகு. நிர்வாக அலுவலர். நிலையத்தில் எல்லோருக்கும் அவர் "சரிங்க சார்". இயக்குநர் எதைச் சொன்னாலும், சொல்லி முடிப்பதற்கு முன்பே "சரிங்க சார்" என்று சொல்லி நகர்ந்துவிடுவார். இரண்டாவது தடவை கேட்டால் இயக்குநருக்குக் கோபம் வரும் என்று பயம். அதனால் நிலையத்தில் பாதிக் காரியங்கள் தலைகீழாக நடந்தன. மீதிப் பாதி நடக்கவே இல்லை.

"குழு உக்காந்துடுச்சு. உங்களைக் கூப்பிடறாங்க சார்" என்றார்.

"சரிங்க சார்" என்றார் மாப்பிள்ளை. அவர் கண் அந்த மனிதரின் சட்டையில் ஒட்டிக்கொண்டது. பல தடவை துவைத்துத் தொளதொளத்துப்போன பழைய சட்டை. உடம்பில் தொளதொள, தோளில் தொளதொள. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மட்டும், இரண்டு கையிலும், தகடு மாதிரி மொடமொட.

மாப்பிள்ளை போய் நட்பாக அவர் கையைக் கோத்துக்கொண்டார். இரண்டு சட்டைக்கைகளும் உரசி நொறுங்குகிற சத்தம் கேட்டது.

"ஏன் சார், உங்க வீட்ல சட்டைக்குக் கஞ்சி போட்டா முழங்கையோட நிறுத்திடுவாங்களா?"

சரிங்க சாரின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கிவிட்டது. மாப்பிள்ளையின் கையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். இரண்டும் ஒரே தொட்டியில் பிறந்த பிள்ளைகள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

"தினமும் காலையில யாரும் வர்றதுக்கு முன்னாடி போட்டுட்டு வருவேன் சார்" என்றார் அழாத குறையாக. "தொட்டி காலியா இருந்தா தெரிஞ்சுடுமேன்னு. கலங்கல் தண்ணியில பாக்கறதுக்கு ஒரே மாதிரிதானே இருந்தது?"

"ஏன்யா காலியாச்சு?" என்றார் மாமா. "அதுல இருந்த மணி எங்க?"

"டைரக்டர் கேட்டாரு. எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான் சார் எனக்குத் தெரியும்."

மாவுப் பேராசிரியர் வாயைப் பிளந்தார். மாப்பிள்ளைக்கு மயிர்க்கூச்செறிந்தது. இயக்குநரே திருடிவிட்டு இயக்குநரே விசாரணையும் வைக்கிறாரா? இதைவிடப் பெரிய வழக்கு மாமாவின் கையில் இதுவரை சிக்கியதில்லை.

"வாங்க மாப்பிள்ளை" என்றார் மாமா, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு.

குழுவின் அறை வரவேற்பறையை ஒட்டி இருந்தது. சரிங்க சாரும் மாவுப் பேராசிரியரும் பின்னாலேயே வந்தார்கள். தலைவி நடுவில் உட்கார்ந்திருந்தார். வெளியிலிருந்து வரவழைக்கப்பட்ட ஓய்வுபெற்ற அதிகாரி. பேச்சை நீட்டுகிறவர்களைப் பிடிக்காது என்பது அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. பக்கத்தில் இயக்குநர், மடிப்புக் கலையாத கோட்டில். எதிரே தனி நாற்காலியில் இறால் மேடம். பின்வாசல் வழியாகச் சமையலறையைத் தாண்டிக் கூட்டிவந்திருந்தார்கள்.

"சுருக்கமா சொல்லுங்க" என்றார் தலைவி.

"தொட்டியில இருக்கறது ஜவ்வரிசிங்கம்மா" என்றார் மாமா. "இவங்க செஞ்ச மணி மொத்தமும் வெளியே போயிடுச்சு. எடுத்தது நிர்வாக அலுவலர். எடுக்கச் சொன்னது இயக்குநர்."

இயக்குநர் மெல்ல எழுந்தார். திருடன் மாட்டிக்கொண்டால் முழிக்கும் விதம் மாப்பிள்ளைக்கு அத்துப்படி. இவர் முழித்தது அப்படி இல்லை. நிஜமாகவே ஒன்றும் புரியாமல் முழித்தார். தப்பான ஆளைப் பிடித்துவிட்டோமா? தப்பாகிப்போனால் எதிரே நாற்காலியில் இருக்கிறவளுக்கு இதோடு சரி.

"நானா?" என்றார் இயக்குநர். "எனக்கு எதுக்கு இறால் ஓடு? இந்த ஆளை நான் எப்பவாவது தொட்டிப் பக்கம் அனுப்பினேனா? கேளுங்க!"

"நீங்கதான் சார் சொன்னீங்க" என்றார் சரிங்க சார், தரையைப் பார்த்து.

"என்னய்யா சொன்னேன்?"

மாமா குறுக்கே கையை நீட்டினார். "பொறுங்க. அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்க. ஒரு வார்த்தை கூட்ட வேணாம், குறைக்க வேணாம்."

சரிங்க சார் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார். "'வரவேற்பறையில ஒரு மணி இல்லாம எவ்வளவு அசிங்கமா இருக்கு? வர்றவங்க கண்ணுல படற மாதிரி நல்ல மணியா வைக்கணும். இருக்கறதுலயே ஒசத்தியா பாத்து வை.' இதுதான் சார். நம்மகிட்ட இருக்கறதுலயே ஒசத்தியான மணி இந்தம்மா செஞ்ச மணிதான். அதான் கண்ணாடிக் குடுவை வாங்கி, விளக்கு போட்டு..."

இயக்குநர் மேசையைக் குத்தினார். "நான் கேட்டது மணிய்யா! டிங் டிங்! வர்றவங்க ஆளைக் கூப்பிடறதுக்கு அமுக்கற மணி!"

மாவுப் பேராசிரியர் முதலில் சிரித்தார்; அவருக்கு விரோதி யார் என்பதே மறந்துபோயிருந்தது. மாமாவுக்குத் தோள் குலுங்கியது. மாப்பிள்ளை சிரிக்கவில்லை. குடுவையின் மேல் சாய்ந்துகொண்டு நகைக்கடையா என்று கேட்டவர் அவர்தான். திருட்டுப்போன பொருளுக்கு முழங்கையை முட்டுக் கொடுத்துவிட்டு, அதைத் தேடித் தொட்டிக்குள் கையை விட்டிருக்கிறார்.

"கேட்டது வேற, வந்தது வேற" என்றார் தலைவி. "பாத்த உடனே கூப்பிட்டுக் கேக்க வேண்டியதுதானே?"

இயக்குநர் கோட்டைச் சரிசெய்துகொண்டார். "வந்தவங்கல்லாம் அழகா இருக்குன்னு பாராட்டினாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என் யோசனைன்னு சொன்னேன்."

எல்லோரும் வரவேற்பறைக்குப் போனார்கள். இறால் மேடம் அந்த அறைக்குள் நுழைவது அதுவே முதல் தடவை. குடுவையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு கிட்டே போய்க் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். காணாமல் போன பிள்ளை பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்தவள் மாதிரி அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"நீலமாயிருக்கு" என்றாள். "பாருங்க, எவ்வளவு செம்பைப் பிடிச்சு வெச்சிருக்கு."

அதற்குள் இயக்குநருக்கு மூச்சு திரும்பியிருந்தது. "ஒரு நிமிஷம். இது கலர் அடிச்ச கண்ணாடி மணியாவும் இருக்கலாம். இந்த ஆள் எங்கேருந்து எதை அள்ளிட்டு வந்தாரோ! இது இவங்க மணிதான், வேலை செஞ்ச மணிதான்னு என்ன ஆதாரம்? குழு ஆதாரத்தைத்தான் பாக்கணும்."

தலைவி இறால் மேடத்தைப் பார்த்தார்.

"வினிகர் இருக்குங்களா?" என்றாள் அவள்.

மாப்பிள்ளை சமையலறைக்கு ஓடினார். மிளகாய் ஊறவைத்த வினிகர் பாட்டில்தான் கிடைத்தது. மிளகாயைப் பிடித்து நிறுத்தி, ஒரு கண்ணாடித் தம்ளரில் பாதி ஊற்றினார். அவள் குடுவையிலிருந்து ஒரு கை மணியை எடுத்தாள்.

"இது சாயம் போட்ட கண்ணாடின்னா நீலம் அப்படியே இருக்கும். பின்னாத சாதா ஓட்டு மணின்னா இந்தப் புளிப்புல கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு காணாம போகும். என்னோடதுன்னா மணி நிக்கும், நீலம் மட்டும் இறங்கும்."

போட்டாள். மணிகள் தம்ளரின் அடியில் போய் உட்கார்ந்தன. ஒன்றும் நடக்கவில்லை. இயக்குநர் தொண்டையைச் செருமினார். மாப்பிள்ளைக்கு அந்தத் தம்ளரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. இந்த ஒரு தம்ளரில் அவள் வேலையும், ஒரு தெருவின் குடிதண்ணீரும், முகம் தெரியாத ஒரு பெண் குழந்தையின் பள்ளிக்கூடக் குழாயும் கிடக்கின்றன என்று அவர் மனம் அடித்துக்கொண்டது.

"மாமா" என்றார் மாப்பிள்ளை. "பாருங்க."

மணிகளைச் சுற்றி வினிகரில் மெல்லிய நீலம் கசிந்தது. ஒரு இழை, பிறகு இன்னொரு இழை. தம்ளர் முழுவதும் நீலம் ஏறிக்கொண்டே வந்தது. மணிகள் வெளுத்துக்கொண்டே போயின. ஒரு மணிகூடக் கரையவில்லை. அவள் ஒன்றை வெளியே எடுத்து இரண்டு விரலால் அழுத்தித் தலைவியிடம் நீட்டினாள். அது நசுங்காமல் துள்ளியது.

"அந்த நீலம்?" என்றார் தலைவி.

"எங்க தெரு குடிக்காம தப்பிச்ச செம்புங்க."

மாவுப் பேராசிரியர் தம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "நல்ல பின்னல்" என்றார் எரிச்சலோடு. அவர் வாயிலிருந்து அது வந்ததை யாருமே நம்பவில்லை, அவர் உட்பட.

தலைவி பேச்சை நீட்டவில்லை. அந்தப் பெண் மீது தப்பில்லை, தொட்டி இடிக்கப்படாது, மணி உடனே தொட்டிக்குத் திரும்ப வேண்டும், "தூய்மையானது" பலகையை இப்போதே கழற்ற வேண்டும், இயக்குநரைப் பற்றிய முடிவு நாளைக்கு என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டார்.

"நாளைக்கு வெளியூர் விருந்தாளிங்க வர்றாங்களே!" என்றார் இயக்குநர், அதற்குள்ளும் கவலை மாறாமல். "காலிக் குடுவையை எப்படிக் காட்டறது? இதுல எதைப் போடறது?"

"தொட்டியில ஜவ்வரிசி இருக்கே சார்" என்றார் மாப்பிள்ளை. "அயோடின் விட்டா நீலமாகவும் ஆகும்."

"சரிங்க சார்" என்று நிர்வாக அலுவலர் நகரப் பார்த்தார். மாமா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

தொட்டியிலிருந்து கூழை வாரிக் கொட்டும் வேலை யார் தலையில் விழுந்தது என்று சொல்லத் தேவையில்லை. இந்த முறை மாப்பிள்ளை சட்டையைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டு, பனியனோடு இறங்கினார். இறால் மேடம் வேலிக்கு உள்ளே நின்றிருந்தாள். நீல மணிகளை வாளி வாளியாக வினிகரில் அலசி, தண்ணீரில் கழுவி, அவளே தன் கையால் தொட்டியில் கொட்டினாள். கொட்டக் கொட்ட அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது; துடைக்க அவளுக்குக் கை காலி இல்லை.

சரிங்க சார் சற்றுத் தள்ளி, பலகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவளை நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

"ஒரு உதவி பண்ணுங்க" என்றாள் அவள், அவரைத் திரும்பிப் பார்த்து. "நான் மறுபடி பரிசோதனை பண்ணிச் சொல்ற வரைக்கும் அந்தத் தண்ணியைக் குடிக்க வேணாம்னு போய்ச் சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க ஆபீஸ் ஆளு."

"சரிங்..." என்று வாயெடுத்தார். பாதியில் நிறுத்தினார். மாப்பிள்ளை கூழோடு நிமிர்ந்தார்; மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்தத் தண்ணிங்கம்மா?" என்றார் சரிங்க சார். "தெருக் குழாயா, பள்ளிக்கூடக் குழாயா? யார்கிட்ட முதல்ல சொல்லணும்? எனக்கு நல்லா புரியற மாதிரி இன்னொரு தடவை சொல்லுங்க."

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டும்தான். முதல்ல பள்ளிக்கூடம். வாங்க, நானே காட்டறேன்."

பலகையைக் கீழே வைத்துவிட்டு அவர் அவள் பின்னாலேயே நடந்தார். இரண்டு பேரும் முன்வாசல் வழியாகத்தான் போனார்கள்.